அப்பாவின் ரகசியம் தெரிந்துவிட்டது, நீயும் ஒருவரை விரும்புகிறாய்: என்ன செய்வது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடு இருபது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் மேசைப் பக்கம் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். "டீச்சர், எங்க அப்பாவுக்கு வேற ஒரு எடத்துல..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடும். மீதியை நான் தோண்டுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதைவிட மெல்லிய குரலில் இன்னொன்று வரும். தான் ஒருவரை விரும்புவது. இதில் ஒன்று மட்டும் என்றால் பிள்ளைகள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே வருசத்தில், அதுவும் பரீட்சை வருசத்தில் வந்து விழும்போது தவறான இடத்தில் கை வைத்துவிடுகிறார்கள். நானும் வைத்தேன்.

1995 ஐப்பசி. எனக்கு 17 வயது. வீடு கல்லிடைக்குறிச்சி. அப்பாவுக்கு சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை. வாரத்தில் இரண்டு ராத்திரி "லோடு வந்திருக்கு" என்று அங்கேயே தங்கிவிடுவார். சனிக்கிழமைதோறும் நானும் என் சிநேகிதியும் அதே ஊருக்கு பிசிக்ஸ் டியூஷன் போவோம். அங்கே ஒரு பையன். நாங்கள் வாய்விட்டுப் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. பிசிக்ஸ் நோட்டின் பிரவுன் அட்டைக்குள் மடித்து வைத்துக் கொடுத்த கடிதங்கள் ஏழு. அவ்வளவுதான் எங்கள் காதல். எனக்கு அது உலகம்.

அன்றைக்குப் பெரிய மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. செங்கோட்டை பாசஞ்சர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. "எங்க சித்தி வீடு ஸ்டேஷன் பக்கத்துலதான், நனையாதீங்க" என்று அவன் எங்கள் இருவரையும் கூட்டிப்போனான். சித்தி நல்ல மாதிரி. தலை துவட்டத் துண்டு கொடுத்து, ஓர் எவர்சில்வர் தூக்குவாளியில் இருந்த டீயை டம்ளரில் ஊற்றினாள். தூக்கின் தோளில் 'சு.பா' என்று புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. 'சு'வின் சுழி ஒரு பக்கம் சரிந்திருக்கும். வெட்டும்போது பாத்திரக்கடைக்காரர் கை நழுவிவிட்டது என்று ஆச்சி சொல்லுவாள். அது என் அம்மாவின் கல்யாணச் சீர். ஒரு வருசமாகக் காணோம் என்று வீடே தேடிய தூக்கு. நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. இடப்பக்கப் பையில் நீல மைக் கறை. முந்தின வாரம் அந்தக் கறை மேல் எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்த்தது நான். "சித்தப்பா வார நேரந்தான்" என்றான் அவன், மிகச் சாதாரணமாக.

அவன் சித்தப்பா என்று சொன்னது என் அப்பாவை.

இனி, அந்த நிலையில் நிற்கும் உனக்கு, நான் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் சொல்கிறேன்.

முதல் ராத்திரி

ஒன்றும் செய்யாதே. யாரிடமும் கேட்காதே, யாரையும் திட்டாதே, யாருக்கும் போன் போடாதே. ஒரு தாளை எடுத்து மூன்றாக மடி. ஒரு பகுதியில் கண்ணால் பார்த்தது. அடுத்ததில் காதால் கேட்டது. மூன்றாவதில் நீயாக நினைத்துக்கொண்டது. மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுது.

நான் அன்றைக்கு எழுதவில்லை. பல வருசம் கழித்து எழுதிப் பார்த்தேன். பார்த்தது: தூக்கு, சட்டை. கேட்டது: சித்தப்பா என்ற ஒரு சொல். நினைத்ததோ தாள் கொள்ளவில்லை. அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார், அம்மா ஆற்றில் விழுவாள், அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் என்னோடு பழகினான். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அவனுக்கு என் அப்பா யார் என்றே தெரியாது. ஆனால் அடுத்த ஏழு மாதம் நான் நடந்துகொண்டது முழுக்க அந்த மூன்றாவது பகுதியை நம்பித்தான்.

இப்போதெல்லாம் தூக்குவாளி வழியாகத் தெரிவதில்லை, செல்போன் வழியாகத்தான் தெரிகிறது. அப்பா போனில் ஜிபே அனுப்பக் கேட்பார், திறந்தால் வேறொரு பேருக்குப் போன பணம், கீழே ஒரு செய்தி. கண்டிப்பாகச் சொல்கிறேன்: அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதே. உன் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதே. உயிர்ச் சிநேகிதிக்கும் அனுப்பாதே. நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர் என்று வகுப்பில் நடத்துகிறேனே, அந்தக் காலத்தில் அம்பல் அலராக நாள் பிடித்தது. இப்போது ஒரு வகுப்பு வாட்ஸப் குரூப் போதும். அதன் பிறகு அம்மா அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போகிறாள், தம்பி அதே பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். அந்தப் படத்தை உன்னால் திரும்பப் பெற முடியாது.

தராசில் ஏறாதே

இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

அந்த மழைக்கு இரண்டு வாரம் கழித்து, பிளாட்பாரத்தில் நான் அவனிடம் நோட்டை வாங்கும்போது அப்பா பார்த்துவிட்டார். நானும் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி திண்ணையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ யாருகூட பேசுதேன்னு நான் உங்கம்மைட்ட சொல்லல. நீயும் வாயத் தொறக்காத." அடுத்த சனிக்கிழமை என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு இருபது ரூபாய் நோட்டு இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். முதல் இரண்டு நோட்டைச் செலவழித்தேன். பிறகு தொட முடியவில்லை. அவர் வைப்பதும் நிற்கவில்லை.

எழுதப்படாத ஒப்பந்தம் அது. ஏழு கடிதம் எழுதிய ஒரு பிள்ளையின் கூச்சத்தையும், பதினெட்டு வருசக் குடித்தனத்தில் ஒரு பெரிய மனிதர் செய்த துரோகத்தையும் ஒரே தராசில் வைத்துச் சரிசமம் என்றாகிவிட்டது. நீ 16, 17 வயதில் ஒருவரை விரும்புவது, மறைத்தாலும், யாருக்கும் கொடுத்த வாக்கை மீறியது ஆகாது. அப்பா செய்தது வாக்கு மீறல். இரண்டும் ஒன்றல்ல. பெற்றவர் அப்படி ஒரு பேரம் பேசினால், அல்லது நீயே "நான் சொல்லிருவேன் பாத்துக்கோங்க" என்று அதைக் காட்டி செல்போனோ சுதந்திரமோ வாங்கினால், அந்த நாளிலிருந்து அந்த ரகசியத்தில் உனக்கும் பங்கு வந்துவிடுகிறது.

எனவே அப்பாவிடம் பேச வாய்த்தால் இவ்வளவு போதும்: "எனக்குத் தெரியும்ப்பா. நானாப் போய் அம்மாட்ட சொல்ல மாட்டேன், அது நீங்க சொல்ல வேண்டியது. ஆனா அம்மா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். என் விஷயத்த இதோட சேக்காதீங்க." கண்ணாடி முன்னால் நின்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகு. குடித்திருக்கும்போது பேசாதே. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் வீட்டில் பேசாதே. பரீட்சைக்கு முந்தின வாரமும் வேண்டாம். "போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்" என்றும் மிரட்டாதே. கள்ள உறவைக் குற்றமாக வைத்திருந்த பழைய சட்டப்பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. விவாகரத்துக்கு அது காரணமாகும், அதைக் கேட்பதும் விடுவதும் அம்மாவின் முடிவு.

வீட்டில் கை ஓங்கும் பழக்கம் இருந்தால், சாதிப் பெயரைச் சொல்லி வெட்டுவேன் குத்துவேன் என்கிற பேச்சு இருந்தால், மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்யாதே. 1098 குழந்தைகளுக்கான இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கு 181. ராத்திரி தூக்கம் வராமல், செத்துப்போகலாமா என்ற நினைப்பு வந்தால் 14416 மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

தப்பு செய்தவர் அம்மாவாகவும் இருக்கலாம். அப்போது ஊர் வாய் இன்னும் கொடியதாகிவிடும். மகளைப் பார்த்து "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள். உன் காதலையே அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நீயும் அம்மாவைத் தெருவுக்கு இழுக்காதே. அப்பாவிடம் எவ்வளவு கோபப்படுவாயோ அவ்வளவே கோபப்படு, கூட வேண்டாம்.

யாரிடம் சொல்வது

யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும். அகப்பாட்டில் அறத்தொடு நிற்றல் என்று ஒன்று உண்டு. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்லுவாள், தோழி வளர்த்த தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாய்க்கு, தாய் தகப்பனுக்கும் அண்ணன்மாருக்கும். படித்த காலத்தில் இது ஏதோ சடங்கு போல இருந்தது. இப்போது பாடம் நடத்தும்போதெல்லாம், சொல்வதற்குப் படி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். உனக்கு வேண்டியது அந்தச் செவிலி: உன்னைவிட மூத்தவள், வீட்டு நடப்பு தெரிந்தவள், உன்னைப் பெற்றவள் அல்லாதவள்.

அத்தை, பெரியம்மா, ஆச்சி, டீச்சர், எதிர்த்த வீட்டு அக்கா யாராகவும் இருக்கலாம். இரண்டு விஷயம் பார். உங்கள் வீட்டோடு வயல், வீட்டுப் பங்கு, நகை என்று வழக்கு இருப்பவர் வேண்டாம். உன் கண்ணீர் நாளைக்குப் பஞ்சாயத்தில் அவர் கையில் ஆயுதமாகிவிடும். அடுத்தது, சொல்லும்போது அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கவனி. "யாரு அந்தப் பொம்பள?" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

நான் ஏழு மாதம் கழித்து, வைகாசிக் கடைசியில் ஆச்சியிடம் சொன்னேன். அப்பாவைப் பெற்றவள். அடுக்களை நடையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கொட்டையாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. முடிந்ததும் கேட்டாள்: "ஒனக்குத் தெரிஞ்சு எத்தன நாளாச்சுட்டி?" ஏழு மாசம் என்றேன். புளிக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள். "ஏழு மாசமா தனியா சொமந்தியா? எறக்கி வையிட்டி. இது ஒஞ் சொமையில்ல."

அவளுக்கு முன்னாலேயே தெரியும். மகனைக் கூப்பிட்டு என் முன்னால் வைத்தே சொன்னாள்: "நெல்லையப்பருக்கு ஆனித்தேர் இழுக்கதுக்குள்ள நீயே அவகிட்ட சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன். பிள்ள சொல்லாது." கடைசி இரண்டு சொல்லுக்காக இன்றைக்கும் அவள் படத்துக்கு விளக்கு வைக்கிறேன்.

உன் காதலுக்கு என்ன சொல்வது

நான் அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று சனிக்கிழமை அவன் பிளாட்பாரத்தில் நின்றான். நான் பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். தன் தப்பு என்னவென்று அந்தப் பிள்ளை எத்தனை ராத்திரி யோசித்திருப்பானோ.

மூன்று வாக்கியம் போதும்: "எங்க வீட்டுல ஒரு கஷ்டம். உம் மேல ஒரு தப்பும் இல்ல. இப்பம் என்னால முன்ன மாதிரி பேச முடியல." விவரம் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய வீடும் அந்த ரகசியத்துக்குள் இருந்தால் கட்டாயம் சொல்லாதே. அவன் வீட்டுப் பெரியவர்கள் அவனிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. அவன் நேராகக் கேட்டால் "பெரியவங்ககிட்ட கேளு" என்று சொல், பொய் சொல்லாதே.

முறை குழப்பம் என்னைத் தின்றது. என் அப்பா அவனுக்குச் சித்தப்பா என்றால் நான் அவனுக்குத் தங்கச்சி அல்லவா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, பிரித்துப் பார். இருவருக்கும் தகப்பனோ தாயோ ஒருவராக இருக்கலாமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும், மூக்கையும் சாடையையும் பார்த்துக் கணக்குப் போடாமல், ஒரு பெரியவரிடம் நேராகக் கேள். பதில் தெரியும்வரை விலகி நில். எங்களுக்குள் அப்படி எதுவும் இல்லை, ரத்த சம்பந்தமே கிடையாது. வாய்முறை மட்டும்தான் என்றால், அதற்கு 17 வயதில் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே இல்லை. படிப்பை முடி. அதற்குள் எத்தனையோ மாறும்.

வீடு எரியும்போது வெளியே இருக்கும் ஒரே நிழல் அந்தப் பிள்ளைதான் என்று தோன்றும். "வா, எங்கயாவது போயிருவோம்" என்ற பேச்சு அப்போதுதான் வரும். போகாதே. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடியாத திருமணம் குழந்தைத் திருமணம். 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கூட்டிப்போனால் கடத்தல் வழக்கு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18க்குக் கீழே உள்ளவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. நீ மனதார விரும்பிய ஒருவன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான், உன்னை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார்கள். உங்கள் அப்பாவின் தப்பை அதோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளை

அந்த வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. மழை நாளில் கதவுக்குப் பின்னால் நின்று என் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளை வெறுக்க நான் நிறையப் பாடுபட்டேன். நீ அந்தப் பாடு படாதே. தாலி கட்டி, அது சட்டப்படி செல்லாத திருமணமாக இருந்தாலும், அதில் பிறந்த பிள்ளையை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 16ஆவது பிரிவில் சட்டப்படியான பிள்ளையாகவே ஏற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கில் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "ஒன் சொத்த அவ பிள்ள தின்னப்போகுது" என்று உன்னை ஏவிவிடுபவர்கள் வருவார்கள். அது உன் சண்டை இல்லை. என் தங்கச்சி பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வருகிறாள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அப்பா கடைசிவரை அந்த வீட்டையும் விடவில்லை, அம்மாவும் அவரை விடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே

பொறு, எழுது, காத்திரு என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு விஷயத்தில் ஒரு நாள்கூடப் பொறுக்காதே. அந்த ரகசியத்தால் வேறு யாராவது அநியாயமாகப் பழி சுமக்கிறார்களா என்று பார். வேலைக்காரப் பெண், சித்தப்பா, கடைப் பையன், யாராவது. மறைந்துபோன பணத்துக்கோ பொருளுக்கோ அவர்கள் பெயர் அடிபடுகிறதா என்று பார். அப்படி இருந்தால் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "அவங்க எடுக்கல, எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்று அன்றைக்கே சொல்.

தூக்கு காணாமல்போனபோது அம்மா சந்தேகப்பட்டது தன் கூடப்பிறந்த அக்காவை. கடையத்துப் பெரியம்மா. அதற்கு முந்தின வாரம்தான் அவள் வந்து தங்கிப் போயிருந்தாள், அந்தத் தூக்கின் மேல் அவளுக்கு ஆசை என்று தாத்தா காலத்திலிருந்தே ஒரு பேச்சு. அம்மா வாயால் கேட்டும்விட்டாள். அதிலிருந்து பெரியம்மா எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இரண்டு தீபாவளி போனது. இரண்டாவது தீபாவளிக்கு முன்பே எனக்கு உண்மை தெரியும். "பெரியம்மா எடுக்கலம்மா" என்ற இரண்டு சொல்லை, அப்பாவோடு இருந்த ஒப்பந்தத்துக்காக, ஏழு மாதம் வாய்க்குள் வைத்திருந்தேன்.

தேருக்கு முந்தின ராத்திரி அப்பா சொன்னார். அடுக்களையில் விளக்கைக்கூடப் போடவில்லை. அம்மா கத்தவில்லை, யார் எவள் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பம் அந்தத் தூக்கு அங்கயா இருக்கு?"

விடிந்ததும் முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு கடையம் போனாள். ஊரே திருநெல்வேலிக்குத் தேர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் எதிர்த்திசையில். பெரியம்மா முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வாசப்படிக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவுமில்லை, பேசவுமில்லை. பெரியம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோலமாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள்.